மின்னல் பாதையும் ஒரு பொய் எச்சரிக்கையும்

1983 ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 ஆம் திகதி. நள்ளிரவு கடந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. மொஸ்கோவுக்குத் தெற்கே, செர்புகோவ்-15 என்னும் இரகசிய நிலையத்தில் அபாயச் சங்கு ஒலித்தது. அமெரிக்காவிலிருந்து ஏவுகணையொன்று புறப்பட்டுவிட்டதாகச் சோவியத் செய்மதி அறிவித்தது. தொடர்ந்து மேலும் நான்கு. அன்று நேர்ந்த தவறு விளங்க வேண்டுமாயின், அச்செய்மதி சுற்றிய பாதையை முதலில் அறிதல் வேண்டும்.

பூமத்திய கோட்டுக்கு மேலே நிலைகொள்ளும் செய்மதிகள், துருவத்தை அண்டிய சோவியத் நிலப்பரப்புக்கு அடிவானத்தோடு ஒட்டியே தெரியும். ஆகவே அந்நாட்டு அறிவியலாளர் நீள்வட்டப் பாதையை நாடினர். 1965 ஏப்ரல் 23 இல் 'மொல்னியா-1' விண்ணேகியது. ருஷ்ய மொழியில் இதன் பொருள் மின்னல். தென்கோளத்தைச் சுமார் 500 கிலோமீற்றர் உயரத்தில் விரைந்து கடந்து, வடகோளத்தின் மேல் ஏறத்தாழ 40,000 கிலோமீற்றருக்கு உயர்ந்து, அங்கே மெல்ல நகர்வது இப்பாதையின் இயல்பு. 12 மணித்தியாலச் சுற்றில் எட்டு மணித்தியாலம் வரை அது வடபுலத்துக்குப் பயன்படும். மூன்று செய்மதிகள் முறைவைத்து நின்றால் நாள் முழுவதும் தொடர்பு கிட்டும்.

எனினும் அவை அசையாது நிற்பவை அல்ல. 1967 இல் இயங்கத் தொடங்கிய 'ஓர்பிற்றா' தரை நிலையங்களின் 12 மீற்றர் விட்டமுள்ள அன்ரெனாக்கள் அவற்றின் போக்குக்கேற்பத் திரும்பிக்கொண்டேயிருந்தன. பூமியின் இடைப்பகுதி புடைத்திருப்பதால் நீள்வட்டமே மெல்லத் திசைமாறும். பாதையின் சாய்வு 63.4 பாகையாயின் அத்திசைமாற்றம் அற்றுப்போகும். சூரிய, சந்திர ஈர்ப்பும் மேல்வளியின் உராய்வும் விளைவிக்கும் எஞ்சிய பிசகுகளைச் சிறு உந்துபொறிகள் சீர்செய்யும்.

இதே வகைப் பாதையில்தான் 'ஒக்கோ' எச்சரிக்கைச் செய்மதிகளும் சுற்றின. எழும் ஏவுகணையின் சுடர், விண்ணின் கருமையில் துலங்கும்படி அவை அமெரிக்கத் தளங்களைப் பக்கவாட்டில் நோக்கின. அன்றோ உயரத்து முகில்களில் பட்ட சூரிய ஒளி அதே கோணத்தில் தெறித்து, ஏவுகணைச் சுடராகத் தோற்றம் காட்டிற்று.

கடமையிலிருந்த லெப்டினன்ற் கேணல் ஸ்ரனிஸ்லாவ் பெற்றோவ், ஐந்தே ஏவுகணைகளோடு எவரும் அணுப்போர் தொடங்கார் எனக் கருதினார். தரை ராடார்களும் எதனையும் காணவில்லை. பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்கு அறிவித்தார். 269 பேருடன் கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஒரு மாதமும் ஆகாத, பதற்றம் மிகுந்த காலம் அது.

2017 இல் பெற்றோவ் காலமானார். அன்றிரவு செய்மதி தன் பாதை தவறவில்லை. இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. கண்டதை நம்புவதா என்னும் தீர்ப்பு மட்டும் ஒரு மனிதனிடம் எஞ்சியிருந்தது.