கால்வாயின் முதுகு

பூமியின் வளைவைக் காண வானவெளிக்குச் செல்ல வேண்டியதில்லை. துறையை விட்டகலும் கப்பலின் உடல் முதலில் மறைவதையும், பாய்மரத்தின் நுனி இறுதியில் மறைவதையும் மாலுமிகள் நெடுங்காலமாக அறிவர். ஆயினும் 1870ஆம் ஆண்டில், இயந்திரத் தொழிலில் உலகிற்கே தலைமை தாங்கிய இங்கிலாந்தில், ஜோன் ஹம்டன் என்பவர் வேதாகமத்தின் பெயரால் பூமி தட்டையென வாதிட்டு, நீர்ப்பரப்பின் வளைவைக் காட்டுவோருக்கு 500 பவுண் பந்தயம் கூறினார்.

அறைகூவலை ஏற்றவர் அல்பிரட் ரஸ்ஸல் வலஸ். 14 வயதிற் பள்ளியை விட்டு, நில அளவைத் தொழில் பயின்று, மலாய்த் தீவுகளில் எட்டாண்டுகள் அலைந்து, டார்வினைப் போலவே தாமும் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்டறிந்தவர். பிற்காலத்திற் சமவுடைமைவாதியானவரும் இவரே. நிலையான உத்தியோகம் எதுவும் இல்லாத அவருக்கு 500 பவுண் சிறு தொகையன்று.

சோதனைக் களம் பழைய பெட்போர்ட் கால்வாய். ஆறு மைல் நேராக ஓடும் நீர். 1838இல் இங்கேயே ரோபொத்தம் என்பவர் கண்ணை நீருக்குச் சில அங்குலம் மேலே வைத்து நோக்கி, தொலைவிற் சென்ற படகு மறையவில்லை, ஆதலாற் பூமி தட்டை என்று முடிவு கட்டியிருந்தார். நீரையொட்டிய காற்று ஒளிக்கதிரை வளைத்துவிடும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

வலஸ் நில அளவையாளரல்லவா? தொலைநோக்கியை ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில், நீருக்குப் பதின்மூன்று அடி உயரத்தில் வைத்தார். மறுமுனைப் பாலத்தில் அதே உயரத்தில் வெண்துணியிற் கறுப்புப் பட்டை; நடுவே ஒரு கம்பத்தில் அதே உயரத்திற் செந்நிற வட்டு, அதற்கு நான்கடி கீழே இன்னொன்று. நீர் தட்டையாயின் மேல்வட்டும் பட்டையும் ஒரே வரியில் அமைய வேண்டும். கணக்கின்படியோ நடுப்புடைப்பு ஆறடி; ஒளிமுறிவு அதில் ஏறக்குறைய ஓரடியைக் குறைக்கும். கண்டது என்ன? கீழ்வட்டுங்கூடப் பட்டைக்கு மேலேயே தெரிந்தது!

நடுவராயிருந்த பத்திரிகை ஆசிரியர் வோல்ஷ், வலஸே வென்றார் என்றார். ஹம்டனின் சார்பாளர் கார்ப்பென்டர் அதே காட்சியைக் கண்டு, பூமி தட்டை என்பது நிரூபணமாயிற்று என்றார். ஹம்டனோ தொலைநோக்கியிற் பார்க்கவே மறுத்துவிட்டார். கலிலியோவின் காலத்திலும் இத்தகைய பண்டிதர்கள் இருந்தனர். ஆனால் அவர்கள் பந்தயம் கட்டவில்லை.

அதன்பின் பல்லாண்டுகள் வசைக் கடிதங்கள் பறந்தன. வலஸின் மனைவிக்கே கொலை மிரட்டல் போன்ற கடிதம் வந்தது. அவதூறுக்காகச் சிறை சென்றும் ஹம்டன் ஓயவில்லை. 1876இல் நீதிமன்றம், பந்தயம் சட்டத்திற் செல்லாது, பணயப் பணத்தை ஹம்டனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. பூமியின் வளைவை அத்தீர்ப்பு மறுக்கவில்லை. பணத்தையும் இழந்து, வழக்குச் செலவையும் சுமந்தவர் வலஸ்.