மரத்திற்கும் ஓர் அறிவிப்பாளர் தொடர்

நெய்வேலியின் மண்ணுக்கடியில் கிடப்பது ஒரு பழங்காடு. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே புதைந்த மரங்களே இன்று பழுப்பு நிலக்கரியாகி நமக்கு ஒளி தருகின்றன. 1956இல் நிறுவனம் உருவாகி, 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. தோண்டி முடித்த பகுதிகளில் மண் நிரப்பி மரக்கன்றுகள் நடப்படுவதையும் நாம் காண்கிறோம்.

இங்கு எடுத்ததும் நட்டதும் கண்முன் நிகழ்கின்றன. ஆனால் நம் வீட்டு நிலைக்கதவுக்கும் பள்ளிவாசல் மிம்பருக்கும் வாங்கும் தேக்கு எந்தக் காட்டில் வெட்டப்பட்டது? கடையில் அடுக்கிய பலகை அதைச் சொல்வதில்லை.

நபி (ஸல்) அவர்களின் மிம்பர் எம்மரத்தால் ஆனது என்று பிற்காலத்தில் சிலருக்கு ஐயம் எழுந்தது. அவர்கள் நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களை நாடினர். அது மதீனாவை அடுத்த காட்டுப்பகுதியின் மரம் என்பதையும், அதைச் செய்தவர் யார் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது. மரத்தின் பிறப்பிடமும் அது கடந்து வந்த கையும் அறிந்த சாட்சி அன்று இருந்தார்.

அத்தகைய சாட்சியத்தை நம் காலம் முத்திரையாக்க முயன்றது. வெப்பமண்டலக் காடுகள் அழிவதைக் கண்டு உலகம் கலங்கிய காலத்தில், 1992 ரியோ மாநாட்டில் காடுகளுக்கென நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஏற்படவில்லை. மறு ஆண்டே கனடாவின் டொராண்டோவில் எஃப்.எஸ்.சி. எனும் வனச் சான்றளிப்பு அமைப்பு உருவானது. 1999இல் ஐரோப்பாவில் பி.இ.எஃப்.சி. தோன்றியது. நம் ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் தனக்கென ஒரு சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காடுகளோடு, கடலூர் மாவட்டத்துச் சவுக்குத் தோப்புகள் போன்ற விளைநில மரங்களுக்கும் அதில் இடமுண்டு.

முறை எளிது. காட்டைத் தணிக்கையாளர் நேரில் ஆய்வர். பின்னர் அறுவை ஆலை, வணிகர், தச்சுக்கூடம் என ஒவ்வொரு கையிலும் அம்மரத்தின் கணக்கு தனித்துத் தொடர வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் முத்திரை இல்லை. ஹதீஸின் இஸ்னாதில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்டால் தொடர் பலவீனமாவதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

முத்திரையிலும் தரவேறுபாடு உண்டு. 'மிக்ஸ்' என்றிருந்தால், சான்று பெறாத மரமும் ஓரளவு கலந்திருக்கலாம். சான்று பெறச் செலவாகும்; அதைச் சிறு விவசாயி தனியே தாங்க இயலாது. பலர் கூடிப் பெறும் குழுச் சான்றே அவருக்கு வழி.

பள்ளிவாசலின் பணம் அமானிதம், பூமியும் அமானிதம். அடுத்த முறை மரக்கடையில் விலை கேட்குமுன் வழி கேட்போம். கேட்பவர் பெருகினால் சொல்பவரும் பெருகுவர், இன்ஷா அல்லாஹ்.