கைதியின் பாட்டு, காதலியின் பாட்டு

அந்தமானின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய இரண்டு தமிழ்ப் படங்கள் உண்டு. எம்.ஜி.ஆர். நடித்த ‘அந்தமான் கைதி’ 1952இல் வந்தது. சிவாஜியும் சுஜாதாவும் நடித்த ‘அந்தமான் காதலி’ 1978இல். பழைய பாட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே வேலையைத் தருவதில்லை.

‘கைதி’ கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்திலிருந்து பிறந்த படம். அது திரைக்கு வருவதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1945இல், தீவின் கைதிக் குடியிருப்பு ஒழிந்துவிட்டது. ஆனாலும் மெயின்லேண்டில் அந்தமான் என்றாலே சிறைதான். ஜி. கோவிந்தராஜுலு நாயுடு இசையமைத்த இந்தப் படத்தில் பாரதியின் பாடலும் இடம்பெற்றது. அதற்குச் சில ஆண்டு முன்புவரை பாரதி பாடல்களைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி.எம். செட்டியாரிடம் இருந்தது, 1949இல் அது அரசுக்குப் போய் நாட்டுடைமையாயிற்று. அந்த வாசல் திறந்திராவிட்டால் இப்படத்தில் பாரதி ஒலித்திருப்பாரா என்பது சந்தேகமே.

படம் வந்த அதே ஆண்டில் பி.வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சரானார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் குரல் அடங்கியது. ரசிகர்கள் இலங்கை வானொலிப் பக்கம் காதைத் திருப்பினார்கள். போர்ட் பிளேருக்கோ அப்போது சொந்த வானொலி நிலையமே இல்லை. அந்நகரின் டெலானிபூரில் இன்றும் இயங்கும் நிலையம் 1963இல்தான் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆகவே தீவின் பெயர் கொண்ட படம் புதிதாக ஓடியபோது, அதன் பாட்டைத் தீவிலிருந்தே ஒலிபரப்ப வழியில்லை. ‘காதலி’ வந்தபோது அந்த நிலையத்துக்குப் பதினைந்து வயது. எம்.எஸ். விஸ்வநாதனின் இசை, கண்ணதாசன் வரிகள், யேசுதாஸும் வாணி ஜெயராமும் சேர்ந்து பாடிய டூயட்: இவற்றைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. ரெக்கார்டு, கேசட், சி.டி. என்று ஒவ்வொரு காலத்தின் கருவியிலும் ஏறி அவை வந்துவிட்டன.

‘கைதி’ காலத்துப் பாட்டுகளின் பாடு வேறு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பதிய முடியும். படத்தில் நீண்ட பாட்டு தட்டில் ஒரு சரணத்தை இழக்கும், அல்லது இரண்டு பக்கமாக உடையும். திரையில் ஒருவரும் தட்டில் இன்னொருவரும் பாடியிருப்பதும் அந்நாளில் உண்டு. எனவே ஒரு பாட்டை முழுமையாக அறியத் தட்டும் வேண்டும், படப் பிரதியும் வேண்டும், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் வேண்டும். மூன்றில் பாட்டுப் புத்தகத்தையே நான் பெரிதாக மதிப்பேன். தட்டில் ஏறாத பாட்டுக்குப் பல வேளைகளில் அதுதான் ஒரே சாட்சி.

படச்சுருளைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தை உருவாக்குவது வெள்ளித் துகள். சுருள் அழியாதவரை அது எளிதில் வெளுக்காது. எழுபதுகளின் வண்ணப் பிரதிகளோ சாயத்தை நம்பியவை. ஆண்டுகள் ஏற ஏற நீலமும் பச்சையும் மங்கி, படம் முழுக்கச் செம்மை படர்ந்துவிடும். ‘காதலி’ தீவுக்கே போய் எடுத்த படம். அந்தமானின் கடலும் காடும்தான் அதன் அரிய செல்வம், அவற்றின் நிறமோ நீலமும் பச்சையுமே. பாட்டு பிழைத்துவிட்டது, நிறத்தைத்தான் இனித் தேடிக் காக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான இழப்பு ஒன்றுண்டு. பின்னணி இசையைத் தட்டில் வெளியிடும் வழக்கம் அன்று தமிழில் இல்லை. நாயுடுவும் விஸ்வநாதனும் காட்சிகளுக்கு அமைத்த இசை படச்சுருளின் ஓரத்து ஒலிப்பட்டையில் மட்டுமே தங்கியிருக்கிறது. பாட்டோடு நிறைவடையும் சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு இது பெருங்குறை.

டெலானிபூரிலோ வேறெங்கோ, உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ அரக்குத் தட்டோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.