494ஆம் பிரிவும் மலேசியத் தமிழர் திருமணமும்

மலேசியத் தமிழருள் முஸ்லிம் அல்லாதாரின் குடும்ப வாழ்வை நெறிப்படுத்தும் சட்டம் எதுவென வினவின், 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டமே (சட்டம் 164) என்பர். அது பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. 1982 மார்ச் 1இல் அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன், இந்து வழக்கப்படி ஓர் ஆடவர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்ளத் தடையிருக்கவில்லை. ஒருதார மணத்தை விதித்த சட்டம், அதனை மீறுவோர்க்குரிய தண்டனையைத் தானே கூறாமல், தண்டனைச் சட்டத் தொகுப்பின் (சட்டம் 574) 494ஆம் பிரிவுக்கு நம்மை அனுப்பிவிடுகிறது. ஏழாண்டு வரை சிறை என்பதை அங்கேதான் காண்கிறோம்.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இக்குற்றம் 494ஆம் பிரிவாகவே இருந்தது. அத்தொகுப்பைத் தழுவி 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால், அங்கு அக்குற்றம் 82ஆம் பிரிவாயிற்று. தாயகம் கைவிட்ட எண் இங்கே நிலைத்திருக்கிறது!

இவ்வுறவே நம்மவரை வழிதவறவும் செய்கிறது. தமிழகத்தில் அச்சான சட்ட நூலைக் கையிலெடுத்து இந்நாட்டு வழக்கை நோக்குவது பொருந்தாது. 1955இன் இந்திய இந்து திருமணச் சட்டம் ஏழடி வைத்தல் போன்ற சடங்குகளைத் திருமணத்தின் நிறைவாக ஏற்கிறது. இங்கோ பதிவதிகாரி முன்னிலையிலான பதிவே அச்சாணி. தாய்மாமன் மணத்தை 11ஆம் பிரிவு இந்துக்களுக்கு விலக்களித்து ஏற்பதால், இரு நாட்டுச் சட்டமும் ஒன்றே எனும் மயக்கம் மேலும் வலுக்கிறது. குடும்ப வன்முறையிலும் வேறுபாடு பெரிது: 1994இன் மலேசியச் சட்டம் (சட்டம் 521) தண்டனைச் சட்டத் தொகுப்போடு சேர்த்தே வாசிக்கப்பட வேண்டியது; 2005இன் இந்தியச் சட்டம் பெரிதும் உரிமையியல் நிவாரணங்களையே நாடுகிறது. அடிபட்ட பெண்ணுக்கு இவ்வேறுபாடு ஏட்டுச் செய்தியன்று.

நூலின் பதிப்பாண்டையும் நோக்க வேண்டும். மதம் மாறிய துணைவர் பற்றிய 51ஆம் பிரிவின்படி, இஸ்லாத்தைத் தழுவாத துணைவர் மட்டுமே முன்பு மணமுறிவு கோர இயன்றது. 2018 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்பின் இருவரில் எவரும் கோரலாம். அதற்கு முந்திய பதிப்புகளில் பழைய விதியே இருக்கும்.