மெதமகாநுவர சொல்லும் பாடம்

கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரியவுக்கு பஸ்ஸில் வந்த மாணவிகள் எல்லோரும் மெதமகாநுவரவைக் கடந்தே வந்திருப்போம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18 ஆம் திகதி பிடிபட்டது அந்தப் பக்கத்தில்தான். அன்று வகுப்பில் ஆண்டையும் பெயரையும் மனனம் செய்தோம். ஒரு குழு எப்போது கூடி யோசிக்கிறது, எப்போது எழுந்து செயற்படுகிறது என்ற கேள்வியோடு அந்தக் கதையை இன்று மீண்டும் பார்க்கலாம்.

1803 தொடக்கத்தில் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்ட ஆங்கிலேயப் படைகள் பெப்ரவரியில் கண்டியை அடைந்தன. நகரம் வெறுமையாகக் கிடந்தது. தலைநகரை விட்டு ஒதுங்குவது, மழையும் காய்ச்சலும் எதிரியை மெலிவிக்கும்வரை பொறுத்திருப்பது, பின்னர் பாய்வது என்பது கண்டியரின் பழைய உபாயம். ஆங்கிலேயரோ நகரைப் பிடித்ததோடு காரியம் முடிந்ததென எண்ணினர். மேஜர் டேவியின் கீழ் ஒரு காவற்படையை விட்டுவிட்டு ஏனையோர் திரும்பினர். ஜூன் 24 இல் கண்டியர் தாக்கினர். சரணடைந்து வெளியேறிய படை, பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க வழியின்றி வட்டபுலுவவில் நின்றது. பெரும்பாலானோர் அங்கே கொல்லப்பட்டனர்.

மறு ஆண்டு, பல திசைகளிலிருந்து படைப்பிரிவுகள் ஒரே நேரத்தில் கண்டியில் சந்திக்க வேண்டுமெனத் தேசாதிபதி நோர்த் திட்டமிட்டார். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் செய்தி மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஜோன்ஸ்டனுக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. அவர் சுமார் 300 பேருடன் தனியே கண்டிவரை வந்து, வேறு எவரையும் காணாமல், இழப்புகளோடு திருகோணமலைக்குத் திரும்பினார்.

அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பெரும் படையெடுப்பு எதுவுமில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. ஜோன் டொய்லி சிங்களம் கற்று, கண்டிப் பிரதானிகளின் மனத்தாங்கல்களை ஒற்றர் மூலமும் ஓலை மூலமும் அறிந்து, நாட்குறிப்பில் பதிந்து வந்தார். கண்டியிலோ மன்னனும் பிரதானிகளும் ஒன்றாக அமர்ந்து பேசும் நம்பிக்கையே அற்றுப்போயிற்று. 1814 இல் எஹலேபொல ஆங்கிலேயரிடம் தஞ்சமடைய, அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். வகுப்பில் நம்மைக் கண்கலங்க வைத்த பகுதி அது.

1815 ஜனவரியில் எட்டுப் படைப்பிரிவுகள் புறப்பட்டன. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. மன்னன் பழைய உபாயப்படியே மலைக்குள் ஒதுங்கினான். ஆனால் இம்முறை பாய்வதற்கு அவனோடு ஆளில்லை. மார்ச் 2 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832 இல் அங்கேயே இறந்தான். வென்றவர்களும் மீண்டும் அசட்டையாயினர். 1817 இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி அவர்களைத் திகைக்க வைத்தது.

காரியம் முடிந்த பின்னர் கூடி அமர்ந்து, நடந்ததைச் சீர்தூக்கிப் பார்ப்பதும் காரியத்தின் ஒரு பகுதியே. அந்த முடிவு தொலைவில் இருப்பவரையும் தெளிவாகச் சென்றடைய வேண்டும். நூறு ஆண்டு கண்ட நமது சங்கத்துக்கும் இது பொருந்தும். விழாப் பந்தல் பிரித்ததும் செயற்குழு மீண்டும் கூடும். தோட்டத்தில் இருந்தாலென்ன, கொழும்பிலோ கடல் கடந்தோ இருந்தாலென்ன, சகோதரிகளே, உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள். அடுத்த அடி எதுவென்று எல்லோரும் சேர்ந்து தீர்மானிப்போம்.