ஒரு வரைபடமும் பல கலங்களும்

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பழைய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்து நிற்கின்றது. 1817ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆம் நாள் பம்பாயில் நீரில் இறக்கப்பெற்ற அக்கலத்தைத் தேக்குமரத்தாற் கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தலைமைத் தச்சர். ஆயினும் அதன் வடிவம் அவர் வகுத்ததன்று. 1782இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய 'ஹெபே' என்ற பிரெஞ்சுக் கப்பலின் அமைப்பைத் தழுவிய வரைபடம் அது. அவ்வொரு வரைபடத்தைக் கொண்டே நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் உருவாயின. பம்பாய்க்கு முதலில் அனுப்பிய படி, அதனை ஏற்றிவந்த 'ஜாவா' 1812இல் அமெரிக்கரோடு பொருது அழிந்தபோது கடலோடு போயிற்று. மற்றொரு படி எடுக்க முடிந்தமையாற் கப்பல் பிறந்தது.

கணினி உலகிலும் இத்தகைய வரைபடங்கள் உண்டு. மேசைக் கணினியில் இயங்கும் செயலி ஒவ்வொன்றுக்கும் சாளரம், பொத்தான், பட்டியல், எழுத்துப் பெட்டி ஆகியன வேண்டும். இவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவது வீண் உழைப்பு. ஆகவே ஒருமுறை எழுதிப் பலரும் எடுத்தாளும் அடித்தளமாகச் சட்டகங்கள் தோன்றின. அவற்றுட் சில பொதுமக்களின் கூட்டு முயற்சியால் வளர்ந்தவை.

1995இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர், ஸ்பென்சர் கிம்பலும் பீற்றர் மாட்டிஸும், 'கிம்ப்' என்ற படத்தொகுப்புச் செயலியை எழுதத் தொடங்கினர். அது முதலில் 'மோட்டிஃப்' என்னும் விலைச் சட்டகத்தின் மீது நின்றது. செயலி இலவசமாயினும் அடித்தளம் விலைக்குரியதாயிருந்தமை இடையூறாயிற்று. அதனைக் களைய மாட்டிஸ் தாமே எழுதியது 'ஜீடிகே' என்னும் சட்டகம்.

1996 ஒக்ரோபரில் ஜேர்மன் மாணவர் மத்தியாஸ் எட்றிக் 'கேடிஈ' என்ற முயற்சிக்கு உலகெங்குமுள்ள நிரலாளரை அழைத்தார். அவர் தேர்ந்த 'கியூட்' என்னும் சட்டகம் நோர்வே நிறுவனம் ஒன்றின் உடைமை. அதனைத் திருத்திப் பிறருக்கு வழங்க அக்கால உரிமம் இடந்தரவில்லை. பிறர் நிலத்தில் ஊர்ப் பொதுமண்டபம் கட்டலாமா என்ற ஐயம் எழுந்தது. 1997 ஓகஸ்ட்டில் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகுவேல் டி இக்காசாவும் பெடரிக்கோ மேனாவும் ஜீடிகேயைத் தழுவி 'நோம்' என்னும் மாற்று முயற்சியைத் தொடங்கினர். வழக்கு வீண்போகவில்லை. நிறுவனம் இலவச வெளியீட்டை நிறுத்துமாயின் சட்டகத்தைப் பொதுவுடைமையாக்கும் அதிகாரம் கொண்ட அறநிலையம் 1998இல் அமைந்தது. 2000ஆம் ஆண்டில் கியூட் கட்டற்ற பொது உரிமத்தையும் ஏற்றது. பின்னர் 2008இல் நோக்கியாவிடமும் 2012இல் டிஜியாவிடமும் அது கைமாறியபோதும் அந்த ஏற்பாடு அழியவில்லை.

தமிழருக்கு இதனால் விளைந்த பயன் யாது? 'கொ' என்னும் எழுத்தை நோக்குக. கணினி, ககரத்தின் பின் உயிர்க்குறியை ஒன்றாகவே சேமிக்கின்றது. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் முன்னும் பின்னும் நிற்றல் வேண்டும். இதனை ஒவ்வொரு செயலியும் தனித்தனியே கற்க வேண்டியிருப்பின் தமிழ் பெரும்பாலும் சிதைந்தே தோன்றும். 2002 மார்ச்சில் வெளிவந்த ஜீடிகேயின் இரண்டாம் பதிப்பில் 'பாங்கோ' என்ற எழுத்தமைப்பு நூலகம் இணைந்தது. அடித்தளம் தமிழ் கற்றவுடன் அதன்மேல் நின்ற செயலிகளுக்கும் அவ்வாற்றல் கிடைத்தது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதக் கற்பிக்கும் 'எழில்' மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை அதனைப் பைதான் மொழியில் எழுதினார். எழிலுக்குரிய 'எழுதி' என்னும் மேசைச் செயலி ஜீடிகேயின் மீதே எழுந்தது.

திருகோணமலைக் கப்பலின் வரைபடம் கடற்படையின் உடைமை. அதிலொரு கோட்டையேனும் மாற்ற ஊர்த்தச்சனுக்கு உரிமை இருந்ததில்லை. பொதுச் சட்டகத்தின் படியோ கேட்பவர் அனைவருக்கும் உரியது. ஒரு படி மூழ்கினும் ஆயிரம் படிகள் எஞ்சும். அதே துறைமுகக் கரையிற் பயிலும் மாணவன் ஒருவன் அதனைத் திறந்து படிக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், திருத்தியதை உலகுக்கு வழங்கலாம். எடுத்தாள்வது எளிது. திருத்தித் திருப்பியளிப்போர் உள்ளவரையிலேயே பொதுச்சொத்து நிலைக்கும்.