மணலில் நிற்கும் அணை சொன்ன பாடம்

எங்கள் விருதுநகர் பக்கம் கரிசல் மண். மழையில் ஊறி உப்பும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லை என்றால் சுவர் விரிசல் விடும். அதனால் இங்கே வீடு கட்டுகிறவர்கள் ஊர்க் கொத்தனாரைக் கேட்காமல் வானம் தோண்டுவதில்லை.

பெரிய அணை கட்டும் குழுவின் தலைவர் யாரைக் கேட்பார்? ஆர்தர் காட்டன் கதையைப் பாருங்கள் நண்பர்களே!

1830களில் காவிரித் தண்ணீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் ஓடிவிட, தஞ்சை வயல்கள் காய்ந்தன. கொள்ளிடத்தின் குறுக்கே அணை வேண்டும். ஆனால் அடியில் ஆழம் தெரியாத மணல். எதன்மேல் கட்டுவது?

விடை கல்லணையில் இருந்தது. நம் முன்னோர் மணலில் பெரிய கற்களைப் போட்டார்கள். அடிமணலை நீர் அரிக்க அரிக்க, கல் தானாகவே இறங்கியது. இனி இறங்காது என்ற நிலை வந்ததும், களிமண் வைத்து மேலே கல் அடுக்கினார்கள். பாறை வரை தோண்டவே இல்லை!

இதைப் படித்துக்கொண்ட காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையையும் கட்டினார். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்நாட்டவரிடமே கற்றதாக 1874-ல் அவரே எழுதினார்.

ஆட்சி செய்தவர்களில் ஒருவர் அப்படி ஒப்புக்கொண்டது சிறிய விஷயமல்ல. கேட்கத் தெரிந்தவர்தான் தலைவர். நாளை நான் ஒரு குழுவோடு மண் பரிசோதனைக்குப் போனால், ரிப்போர்ட்டோடு அந்த ஊர்க் கொத்தனாரையும் கேட்பேன். நீங்கள்?